இரண்டு கிலோ எழுநூறு கிராம்

அத்தியாயம் 14

சென்ற வாரம் எலும்பு டாக்டரின் அறையில் மூன்று பேரையும் மூன்று நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நாம் கிளம்பிவிட்டோம். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்ததோடு அத்தியாயம் முடிந்துவிட்டது. "அந்தக் குழந்தைக்கு ஏதாவது செய்தால் பத்திரிகை வாங்குவதை நிறுத்திவிடுவேன்" என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெரிதாக ஒன்றும் இல்லை, அம்மா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சுண்டெலியின் முதுகில் நோய் எதுவும் கிடையாது. வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. கழுத்துச் சதை கல்லாக இறுகியிருந்தது. பத்து வயதில் இது வரக் கூடாது என்றார் டாக்டர். அவள் எடை இருபத்தேழு கிலோ. அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முதுகில் ஏறக் கூடாது. பையையும் சேர்த்து இரண்டு கிலோ எழுநூறு கிராம். முதுகுக்கு ஏற்ற பையாகப் பார்த்து வாங்கிக்கொண்டு ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். அதற்குள் எலும்பும் வளைய ஆரம்பித்துவிட்டால் இடுப்பிலிருந்து அக்குள்வரை பெல்ட் போட வேண்டும், அதோடுதான் படிக்க வேண்டும், அதோடுதான் தூங்க வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தார்.

ஆகவே இந்த வாரம் பை வாங்கப் போகிறோம். ஒரு பை வாங்க ஓர் அத்தியாயமா என்று கேட்காதீர்கள். புருஷனும் பெண்டாட்டியும் நான்கு மாதமாக வேறு வேறு வீட்டில் இருக்கும்போது, சேர்ந்து போய் ஒரு கைக்குட்டை வாங்குவதுகூட ஓர் அத்தியாயம்தான்.

*

அம்மா நர்ஸ். இரவு ட்யூட்டி முடிந்து சனிக்கிழமை காலை எட்டரைக்கு வீட்டுக்கு வந்தாள். சுண்டெலி முந்தின இரவு அப்பா வீட்டில் தங்கி, அங்கிருந்தே பள்ளிக்கூடம் போயிருந்தாள். சனிக்கிழமை அரை நாள் பள்ளி. பன்னிரண்டரைக்கு மூவரும் பள்ளி வாசலில் சந்தித்துக் கடைக்குப் போவதாக ஏற்பாடு.

படுத்தால் எழுந்திருக்க மாட்டோம் என்று தெரிந்து, அவள் படுக்கவில்லை. குளித்துவிட்டு, அலமாரியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள். வார்டில் நாற்பது படுக்கை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆளைப் புரட்டிப் போட்டு, முதுகு சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துணிக்கு மேலே கை வைத்தாலே எந்த முதுகு எப்படி என்று அவளுக்குத் தெரியும். சொந்த மகளின் தோள் சாய்ந்திருப்பதை மட்டும் விளையாட்டு டீச்சர் எழுதி அனுப்பித்தான் தெரிந்துகொண்டாள்.

"வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை நோயாளி" என்று நாத்தனார் போனில் சொல்லியிருந்தாள். சொல்லிவிட்டு, பொதுவாகச் சொன்னேன் என்றும் சொன்னாள். பொதுவாகச் சொல்கிற வார்த்தைகளுக்குத்தான் முள் அதிகம்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டரைக்கு வர வேண்டியவர் ஒரு மணிக்கு வந்தார். ஏழாவது மாடியில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்களாம். கையில் கிரீஸ், வலது தோளில் கருவிப் பை. அந்தப் பைக்குப் பதினாறு வயது. அதைத் தூக்கித் தூக்கி அவர் வலது தோளும் இறங்கித்தான் கிடந்தது. கல்யாணமான புதிதில் அம்மா அதைக் கேலி செய்திருக்கிறாள்.

இன்று அவள் கேலி செய்யவில்லை. "உங்கப்பாவுக்கு மணி பார்க்கத் தெரியுமான்னு கேளு" என்றாள் மகளிடம்.

"மாட்டிக்கிட்டவங்கள அப்படியே விட்டுட்டா வர முடியும்னு கேளு" என்றார் அவர்.

சுண்டெலி யாரையும் எதுவும் கேட்கவில்லை. நான்கு மாதமாக இந்தத் தபால் வேலை பார்த்து அவளுக்குச் சலித்துவிட்டது. பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பழக்கத்தால்தான் அவளுக்கு அந்தப் பெயரே வந்தது.

அம்மா அவள் பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். அப்பாவும் நீட்டினார். அவள் இரண்டு பேரிடமும் கொடுக்கவில்லை. நானே தூக்கிக்கொள்கிறேன் என்று பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பின்னாலிருந்து பார்த்தபோது அந்த ஒரு விரற்கடை இருவர் கண்ணிலும் பட்டது. அதற்கு மேல் இருவரும் மகளிடம் கேள்வி எதுவும் கொடுத்தனுப்பவில்லை.

*

கடை இரண்டாவது மாடியில். லிஃப்ட் கதவு மூடுகிற சத்தத்தைக் கேட்டே, உருளை தேய்ந்துவிட்டது என்றார் அப்பா. யாரும் அவரைக் கேட்கவில்லை.

சுவர் முழுக்கப் பைகள் தொங்கின. விற்கிற பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். காலையிலிருந்து நின்று கால் வீங்கியிருந்தது. அவள் காலைப் பார்த்ததும் அம்மாவுக்கு அவள்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. அம்மாவின் காலும் அப்படித்தான் இருந்தது.

சீட்டைப் படித்துவிட்டு, அந்தக் கடைக்கார அக்கா கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தாள். சுண்டெலியின் பிடரி எலும்பிலிருந்து இடுப்புவரை அளந்தாள். தோளின் அகலத்தை அளந்தாள். பை தோளைவிட அகலமாக இருக்கக் கூடாது, அடிப்பாகம் இடுப்புக்குக் கீழே தொங்கக் கூடாது, பட்டை இரண்டு விரல் அகலமாவது இருக்க வேண்டும், உள்ளே மெத்தை வேண்டும், மார்புக்குக் குறுக்கே ஒரு கொக்கி, இடுப்பில் ஒரு வார் என்று சொல்லிக்கொண்டே நான்கு பைகளை இறக்கினாள். ஆயிரம் தடவை சொன்ன குரல்தான், ஆனாலும் ஒன்றையும் விடவில்லை.

அப்பா ஒவ்வொரு பையின் தையலையும் இழுத்துப் பார்த்தார். ஜிப்பைப் பத்துத் தடவை திறந்து மூடினார். சக்கரம் வைத்த பையே நல்லது, முதுகில் ஏறவே ஏறாது என்றார். மூன்று மாடி படிக்கட்டில் அதை யார் இழுப்பது என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்விதான். ஊருக்கெல்லாம் லிஃப்ட் பழுது பார்க்கிறவர் குடும்பம் நடத்திய வீட்டில் லிஃப்ட் கிடையாது.

அம்மாவுக்குப் பிடித்தது ஒரு நீலப் பை. எண்ணூறு கிராம்தான். பட்டையும் அளவுக்குச் சரியாக இருந்தது. மாட்டிப் பார்த்தபோது கண்ணாடியில் சுண்டெலி கொஞ்சம் நிமிர்ந்தே நின்றாள்.

"இது பத்தாது" என்றாள்.

அடுத்தது பச்சை. அதுவும் பத்தாது. மூன்றாவதும் பத்தாது. அவள் கை காட்டியது உச்சியில் தொங்கிய ஒரு பையை. மலை ஏறுகிறவர்கள் மாட்டுகிற பை அது. அதற்குள் சுண்டெலியையே போட்டு மூடிவிடலாம்.

அம்மாவுக்கு இருபது மணி நேரமாகத் தூக்கமில்லை. யாரோ கூடப் படிக்கிறவள் வைத்திருக்கிறாள் போல, அதைப் பார்த்துக் கேட்கிறாள் என்று நினைத்தாள். முதுகு வளைந்தாலும் உனக்குப் பகட்டுதான் முக்கியமா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். அப்பா தன் பங்குக்கு, செல்லம் கொடுத்தால் இப்படித்தான் என்றார். செல்லம் கொடுத்தது யார் என்று ஒரு சண்டை கிளம்பியது. பழைய சண்டைதான். உங்களுக்கு வரிக்கு வரி தெரியும் என்பதால் இங்கே எழுதவில்லை.

கடைக்கார அக்கா இந்த மாதிரிச் சண்டைகளுக்கு நடுவேதான் பிழைப்பு நடத்துகிறாள். அவள் பேசாமல் தரையில் கிடந்த பழைய பையைத் தூக்கினாள். தூக்கியதும் முகம் மாறியது. கல்லாப் பக்கம் தொங்கிய கொக்கித் தராசில் அதை மாட்டினாள்.

ஏழு கிலோ நானூறு கிராம்.

அப்பாதான் முதலில் எண்ணைப் படித்தார். அவருக்குத் தொழிலே அதுதான். எந்த லிஃப்டில் ஏறினாலும் இத்தனை பேர், இத்தனை கிலோ என்று ஒட்டியிருக்கும் தகட்டைத்தான் முதலில் பார்ப்பார். தராசு கெட்டிருக்கும் என்றார். கடைக்கார அக்கா ஒரு புதுப் பையை மாட்டிக் காட்டினாள். தராசு நன்றாகத்தான் இருந்தது.

"பாப்பா, உள்ள என்னதான் வெச்சிருக்க?"

சுண்டெலி பழைய பையைத் தன் பக்கம் இழுத்தாள். பையைக் கட்டிக்கொண்டு நின்றாள். திறக்க வேண்டாம், புத்தகம்தான் என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வயது அவளுக்கு இன்னும் வரவில்லை. அம்மா மெதுவாக அவள் விரல்களைப் பிரித்தாள்.

மேலே புத்தகங்கள். அது இரண்டு கிலோகூட இல்லை. அதற்குக் கீழே ராத்திரி உடை. இரண்டு செட் உள்ளாடை, பாலிதீன் உறையில். திங்கட்கிழமைக்கான சீருடை, மடிப்புக் கலையாமல். விளையாட்டு ஷூ. சோப்புப் பெட்டி, பிரஷ், சீப்பு. தலையணை உறை. போர்வை. ஒரு அலாரம் கடிகாரம். அடியில் இரண்டு சாவி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நூலில்.

"வீட்டையே தூக்கிட்டு வந்துட்டியே" என்று கடைக்கார அக்கா சிரித்தாள். சிரித்த பிறகு பெற்றவர்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

ஒரு செட்டை அங்கேயே வைத்துவிட வேண்டியதுதானே என்று அம்மா கேட்டாள். கேட்ட பிறகுதான் அவளுக்கே நினைவு வந்தது. இரண்டாவது மாதம் ஒரு கவுனைக் காணவில்லை என்று தேடி, அப்பா வீட்டில் இருக்கிறது என்று தெரிந்ததும், "அங்கேயே குடித்தனம் வெச்சுட்டியா?" என்று இவள்தான் கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். பிள்ளைக்கு அது சிரிப்பாகத் தெரியவில்லை போலும்.

அப்பாவும் யோக்கியமில்லை. நான்கு மாதத்தில் அவர் அந்த வீட்டுக்கு வாங்கியது ஒரு பாயும் ஒரு பாத்திரமும். இரண்டாவது பிரஷ், இரண்டாவது போர்வை என்று வாங்க ஆரம்பித்தால் அங்கேயே தங்கிவிட்டதாக ஆகிவிடும் என்று ஒரு எண்ணம். அந்த எண்ணத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"ரெண்டு வீட்லயும் ஒண்ணொண்ணு இருந்தாப் போதுமேம்மா" என்று அம்மா மறுபடியும் ஆரம்பித்தாள்.

"எந்த வீடுன்னு மூணு மணிக்குத்தானே தெரியும்" என்றாள் சுண்டெலி. "காலைல கெளம்பறப்போ தெரியாதே."

*

மூன்று மணி விவகாரத்தை உங்களுக்குச் சொல்லியிருக்கிறேனா என்று நினைவில்லை. சொல்லாவிட்டால் இப்போது சொல்கிறேன்.

அம்மாவுக்கு ஷிப்ட் மாறும். அவருக்கு எப்போது எந்த லிஃப்ட் நிற்கும் என்று தெரியாது. அதனால் தினமும் மத்தியானம் இருவரும் ஒரு வரி எழுதி அனுப்பிக்கொள்வார்கள். யாருக்கு முடியுமோ அவர் பள்ளி ஆபீசுக்குப் போன் செய்வார். மூன்று மணிக்கு ஆயா ஐந்தாம் வகுப்பு வாசலில் வந்து நின்று "அம்மா" என்றோ "அப்பா" என்றோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். கடைசி பெஞ்சுப் பெண்கள் இதற்கு ரப்பர் வைத்துப் பந்தயம் கட்டுவார்கள். சுண்டெலி புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஷிப்ட் ஒரு சாக்கு. வார்டில் மற்ற நர்ஸ்கள் மாற்றிக்கொள்ளவில்லையா? உண்மை வேறு. கிழமை பிரித்துவிட்டால் பிரிந்தது உறுதியாகிவிடும். இன்றைக்கு யார் என்று அன்றன்றைக்குக் கேட்டுக்கொண்டிருக்கும்வரை, எல்லாம் தற்காலிகம். நாளைக்கே சரியாகிவிடலாம். அவள் அப்படி நினைத்தாள், அவரும் அப்படியே நினைத்தார். இருவரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல் வைத்திருந்த அந்த ஆசையை, ஏழு கிலோ நானூறு கிராமாகப் பெண் தினமும் மூன்று மாடி தூக்கி ஏறினாள்.

இதை எழுதும்போது எனக்கே இருவர்மேலும் கோபம் வருகிறது. ஆனால் அவர்கள் முகத்தைப் பார்த்தால் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கடைக்கார அக்கா நீலப் பையை மறுபடியும் எடுத்தாள். "பாப்பா, இதுக்குள்ள என்ன வேணுமோ அத மட்டும் வை. தராசு ரெண்டு எழுநூறத் தாண்டக் கூடாது. நீயே பாத்து வை" என்றாள்.

சுண்டெலி தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு சாமானாகக் கையில் எடுத்து எடை பார்த்தாள். முதலில் ராத்திரி உடை உள்ளே போனது. பிறகு சீருடை. பிறகு பிரஷ், சோப்பு, தலையணை உறை. ஷூவை வைத்தாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள். கடிகாரத்தை வைத்தாள். கடைசியில் புத்தகங்கள் மிச்சம் இருந்தன. கணக்கு, அறிவியல், வரலாறு. அவற்றை அழகாக அடுக்கி ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

"இதெல்லாம் வேணாம். பக்கத்துல ஒக்காந்திருக்கிறவகிட்ட பாத்துப் படிச்சுக்கறேன்" என்றாள்.

அம்மா அங்கே கிடந்த குட்டி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகள் உட்கார்ந்து பை மாட்டிப் பார்ப்பதற்குப் போட்ட ஸ்டூல் அது. வார்டில் எத்தனையோ பார்த்தவள். அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அழுதாள். களைப்பில் வருகிற அழுகைக்குச் சத்தம் இருக்காது.

அப்பா தன் கருவிப் பையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார்.

"எட கூடினா லிஃப்ட்டே கத்தும்" என்றார். "கதவ மூட விடாது. இவ ஒரு நாள்கூடக் கத்தலியே."

நான்கு மாதத்தில் அவர் மனைவியைப் பார்த்துச் சண்டையில்லாமல் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவரே தொடர்ந்தார். "நாள் பிரிச்சுக்கலாம்."

"பிரிச்சுக்கிட்டா..." என்று ஆரம்பித்தவள் மேலே போகவில்லை. மகளின் கழுத்தில் பட்டை அழுத்தின சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். "சரி" என்றாள்.

அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. அவள் போனில் ட்யூட்டி அட்டவணையைத் திறந்தாள். வெள்ளியும் சனியும் இரவு ட்யூட்டி வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். அந்த இரண்டு நாளும் மாலை ஐந்துக்கு மேல் எந்த லிஃப்ட் நின்றாலும் கூட வேலை செய்கிறவர் போவார் என்றார் அவர். திங்கள் முதல் வியாழன்வரை அம்மா வீடு. வெள்ளி, சனி அப்பா வீடு. அங்கே ஒரு கட்டில், போர்வை, ஒரு செட் சீருடை, பிரஷ் எல்லாம் இன்றைக்கே வாங்குவதாகச் சொன்னார். அவள் மகளின் ஷூ அளவைச் சொன்னாள். அவர் அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். பத்து நிமிஷம் ஒரு முகச்சுளிப்புக்கூட இல்லாமல் பேசினார்கள். அந்த நேரத்தில் கடைக்குள் வந்த யாராவது பார்த்திருந்தால், என்ன ஒற்றுமையான தம்பதி என்று கண் வைத்திருப்பார்கள்.

"அப்ப இன்னிக்கு சனி. இன்னிக்கு அப்பா வீடு" என்று அம்மா மகளிடம் திரும்பினாள். பிள்ளை சந்தோஷப்படும் என்று அவள் உண்மையாகவே நினைத்தாள். "இனிமே மூணு மணிவரைக்கும் காத்திருக்க வேணாண்டா கண்ணு. புத்தகம் மட்டும் தூக்கிட்டுப் போனாப் போதும்."

சுண்டெலி இன்னும் மண்டியிட்டபடியே இருந்தாள். கையில் தலையணை உறை.

"இது மாறாதா?"

"மாறாது" என்றார் அப்பா.

"மாறவே மாறாது" என்றாள் அம்மா. உறுதியாகச் சொன்னால் பிள்ளைக்கு ஆறுதலாக இருக்கும் என்று அவசரமாகச் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே காதில் விழுந்தது. அவரைப் பார்த்தாள். அவருக்கும் விழுந்திருந்தது.

சுண்டெலி அழவில்லை. உறையை மடித்தாள். ராத்திரி உடை, ஷூ, கடிகாரம், ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அப்பாவின் கருவிப் பைமேல் வைத்தாள். புத்தகங்களை உள்ளே அடுக்கி ஜிப்பை இழுத்தாள். எழுந்து தானே போய்த் தராசில் மாட்டினாள். இரண்டு அறுநூறு.

"சின்னதே போதும்" என்றாள்.

கடைக்கார அக்கா அவள் முன்னால் குனிந்து பட்டையின் நீளத்தைச் சரிசெய்தாள். மார்புக் கொக்கியை மாட்டினாள். இடுப்பு வாரை இழுத்தாள். பை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு தோளும் ஒரே உயரத்தில் இருப்பதுபோல இப்போதைக்குத் தெரிந்தது. அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கண்ணாடியில் அதைப் பார்த்தார்கள்.

"எப்படி இருக்கு?" என்று அக்கா கேட்டாள்.

லேசாக இருக்கிறது என்றாள் சுண்டெலி. பிறகு கண்ணாடியிலேயே இருவரையும் பார்த்து, விரலை மடக்கி மடக்கி எண்ணினாள். திங்கள், செவ்வாய், புதன், வியாழன். வெள்ளி, சனி. ஒரு விரல் மடங்காமல் நின்றது.

"ஞாயித்துக்கிழமைய யாருமே சொல்லலியே."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அட்டவணை இருந்த போனைப் பார்த்தாள். சொல்வதற்கு இருவரும் ஒரே நேரத்தில் வாயெடுத்து, மற்றவர் சொல்லட்டும் என்று இருவருமே நிறுத்திக்கொண்டார்கள்.

"நாளைக்குத்தான் ஞாயித்துக்கிழமை" என்றாள் சுண்டெலி.